மூச்சு விடாமல் பாடுகிற ஏழு பேர்

தாராவி,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்த மதியம்.

சர்வ வல்லவரின் கிருபையாலும் சென்ட்ரல் லைன் வண்டிகளின் மேலான இரக்கத்தாலும் அம்பர்நாத்தில் சேமமாக வாழும், எங்கள் அக்காவின் கணவரும் சபைக் காரியதரிசியும் பாடகர் குழுவின் தலைவருமாகிய மகா கனம் பொருந்திய தேவஇரக்கம் அத்தான் அவர்களுக்கு, உங்கள் மச்சினன் ஞானசேகரன் இரு கரம் கூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் ஜோஸ்பினும் நலம். அங்கே அக்காவின் நலமும், குறிப்பாக உங்கள் இடுப்பின் நலமும் அறிய ஆவல்.

நீங்கள் என் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு நீலக் கோடு விழுகிறது, அதற்குமேல் ஒன்றும் விழுவதில்லை. ஆகவே பேனாவை எடுத்தேன். எடுத்து வெகு காலம் ஆகிவிட்டதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கோணல் எழுத்தில் மட்டும்தான், மனசில் இல்லை. ரீனாவின் கல்யாணப் பத்திரிகை எங்கள் எதிர்வீட்டு ஆஸியாவுக்கு வந்துவிட்டது. கீழே தையல் மிஷின் போட்டிருக்கும் அப்துல் ரவூபுக்கும் வந்துவிட்டது. நீங்களே நேரில் வந்து கொடுத்தீர்களாம், எங்கள் கதவைத் தாண்டும்போது மட்டும் சுவரில் ஒட்டியிருந்த பல் ஆஸ்பத்திரி விளம்பரத்தை அவ்வளவு கவனமாகப் படித்துக்கொண்டே போனீர்களாம். ஆஸியா சொன்னாள். அத்தான், ரீனாவுக்கு இந்த உலகத்தில் தாய்மாமன் என்று இருப்பவன் நான் ஒருவன். அவளுக்குக் காது குத்தியது என் மடியில். அவள் கல்யாணத்தன்று நான் இங்கே தாராவியில் கட்டிலில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

விளையாட்டு என்றதும் நினைவு வருகிறது. "அப்படி என்னத்தத்தான் கண்டான் ஒன் தம்பி அந்தக் கபடியில?" என்று அக்காவிடம் கத்தினீர்களாம். கத்தியது கோபத்தில் என்றாலும் கேள்வி நியாயமானது. நாற்பது வருஷப் பழக்கத்தில் நீங்கள் என்னிடம் கபடியைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி இது. இத்தனை நாளும் அதைக் கோழி பிடிக்கிற விளையாட்டு என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் பதிலைச் சொல்லிவிடுகிறேன்.

குழுவாக ஆடுகிற விளையாட்டுகள் எத்தனையோ இருக்கின்றன. நீங்கள் கிரிக்கெட் பார்ப்பவர். பந்து போட்டவர் திரும்பி நடந்து போகிற நேரத்தில் நீங்கள் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிடுவீர்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை, மனிதனுக்குத் தூக்கமும் வேண்டும். வாலிபால் நம் ஊர்க்காரர்களின் உயிர், ஆனால் நடுவில் ஒரு வலை இருக்கிறது. எதிராளியின் கை சூடா, குளிரா என்று தெரியாமலே ஆட்டம் முடிந்துவிடும். ஃபுட்பாலில் கையை என்ன செய்வது என்று எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. கபடி அப்படி இல்லை. சாயங்காலம் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்ததும் ஒரு வெளிச்சம் வரும், அத்தான். அதை எப்படிச் சொல்வது? டீயில் பால் இன்னும் முழுக்கக் கலக்காத நேரத்து நிறம். தலைக்குமேல் சாந்தாகுரூஸில் இறங்கப்போகிற விமானம் வயிற்றைக் காட்டிக்கொண்டு போகும். சுற்றிலும் தோல் கிடங்கில் தட்டுகிற சத்தம், குக்கர் சத்தம், மசூதி, கோயில், நம் சபையின் மணி, டெம்போக்காரனுடைய வசவு, எல்லாம் ஒன்றாகக் கேட்கும். பாடுகிறவன் குனிந்து கோட்டைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு மூச்சை இழுப்பான். அவ்வளவுதான், எல்லாச் சத்தமும் நின்றுவிடும். அவனுக்கு மட்டும் இல்லை, வெளியே நிற்கிற எனக்கும் நின்றுவிடும். அந்த ஒரு மூச்சு இருக்கிறவரை அவன் அடுத்தவன் இடத்துக்குள் தாராளமாகப் போகலாம், யாரையும் தொடலாம். நீ யார், எந்த ஊர், ஆதார் கார்டு எங்கே என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். மூச்சு தீருவதற்குள் வீடு வந்து சேர்ந்தால் போதும். பம்பாயில் இவ்வளவு சுலபமான சட்டம் வேறு எங்கே இருக்கிறது?

கப்பல் கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க்காக இருந்த காலமெல்லாம் நான் மேனேஜர் அறைக்குள் அப்படித்தான் போய் வந்தேன். வாசலில் மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே போய், மேஜையைத் தொட்டு, ஃபைலை வைத்துவிட்டு, மூச்சு முடிவதற்குள் கதவுக்கு வெளியே வந்துவிடுவேன். ஒருநாள் அவர் என்ன நினைத்தாரோ, "உட்காருங்கள் மிஸ்டர் ஞான்" என்று சொல்லிவிட்டார். உட்கார்ந்தேன். மூச்சை மட்டும் விடவில்லை, அவருடைய எல்லைக்குள் விட்டால் நான் அவுட் அல்லவா? என் முகம் போன நிறத்தைப் பார்த்து அவரே ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அதற்குப்பிறகு என்னிடம் ஃபைல் கேட்பதையே விட்டுவிட்டார். கபடியால் எனக்குக் கிடைத்த நன்மைகளில் இதுவும் ஒன்று.

இனி, வினை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். எதிர்ப்பக்கம் போய்த் தொட்டு வருவதை மராத்திக்காரர் சடாயி என்பார், டிவிக்காரர் ரைடு என்பார். நம் ஆட்கள் மட்டும்தான் அதற்குப் பாடுவது என்று பேர் வைத்திருக்கிறோம். பாடிப் போனான், பாடி வந்தான், நல்லாப் பாடுகிறவன், மூச்சுப் பிடித்துப் பாடுகிறவன். எவ்வளவு அழகான சொல்! தொண்டையில் ராகம் இல்லாதவனையும் பாடகன் ஆக்கிவிடுகிற விளையாட்டு இது ஒன்றுதான் என்று நான் பல தடவை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தில்தான், அத்தான், நீங்கள் எனக்கு அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். நீங்கள் சொன்னது எனக்கு மனப்பாடம். "ஏ மாப்ள, வாற ஞாயித்துக்கெழம சீத்தா கேம்ப்ல போட்டி. நம்ம ஆளுங்களுக்குப் பூரா தொண்ட கட்டிட்டு, ஒருத்தனாலயும் பாட முடியாது. ஒங்க ஏரியாவுல நல்லாப் பாடுத பயலுவளா ஏழு பேரக் கூட்டிட்டு வந்துரு. மூச்சு நல்லா நிக்கணும், என்ன? போன வருசம் ஒருத்தன் நடுவுல மூச்ச விட்டுட்டான், அதுலதான் நமக்குப் போச்சு. ஏழு பேரும் ஒரே மாதிரி உடுப்பு போட்டுட்டு வரணும்."

நீங்களே சொல்லுங்கள். போட்டி என்கிறீர்கள். ஏழு பேர் என்கிறீர்கள். மூச்சு என்கிறீர்கள். ஒரே உடுப்பு என்கிறீர்கள். நான் அடுப்படிக்குப் போய்ப் பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் நின்று கண்ணீர் விட்டேன். ஜோஸ்பின் பயந்துபோய், "என்னங்க, ஊர்ல யாருக்கும் எதுவுமா?" என்றாள். "அத்தான் கபடிக்குக் கூப்பிட்டுட்டாக" என்றேன். அவளும் கொஞ்சம் அழுதாள். அவள் அழுதது வேறு காரணத்துக்காக என்று இப்போது சொல்கிறாள். உடனே உங்களுக்குப் பதில் பேசினேன், நினைவிருக்கிறதா? "அத்தான், பாடுறதுக்கு மூணு பேரு, பிடிக்கிறதுக்கு நாலு பேரு, சரியா வருமா?" என்று கேட்டேன். அதற்கு நீங்கள், "பிடிக்கத் தெரிஞ்ச பயலுவன்னா இன்னும் நல்லதுல்லா. எடுத்த எடுப்புல சரியாப் பிடிச்சிரணும் மாப்ள, விட்டுட்டா பொறவு பிடிக்கவே முடியாது" என்றீர்கள். அதைக் கேட்டு நான் மெய்சிலிர்த்துப் போனேன். கபடியைப் பற்றி இவ்வளவு ஆழமாக ஒரு வார்த்தை இந்த வட்டாரத்தில் யாரும் சொன்னதில்லை. என் ஆட்களை நிற்கவைத்து இரண்டு தடவை அதைப் போட்டுக் காட்டினேன். நீங்கள் சுருதியைச் சொன்னீர்கள் என்று இப்போது தெரிகிறது.

என் ஆட்கள் மோசமானவர்கள் இல்லை. மன்சூர் அலி தோல் பை தைக்கிறவன், கேப்டன். இஜாஸ் டாக்சி ஓட்டுகிறவன், கணுக்காலைப் பிடித்தால் கடவுளே வந்து சொன்னாலும் விடமாட்டான். மாட்டுங்காவிலிருந்து வருகிற நகுல் வங்கியில் வேலை பார்க்கிறவன், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஆடுவான். மற்ற நாலு பேரும் இதே குணம்தான். மழைக்காலம் முடிந்ததிலிருந்து மைதானத்தில் டெம்போக்கள் நிற்கின்றன, ஒரு ஆட்டம் கூடக் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். எண் போட்ட மெரூன் பனியனைத் துவைத்து இஸ்திரி போட்டு, அரைக்கால் சட்டை, முழங்கால் உறை எல்லாம் மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மதியம் குர்லாவில் ஹார்பர் லைன் வண்டி ஏறினோம்.

ஜன்னலோரம் எனக்கு இடம் கிடைத்தது. அதுதான் தப்பாகப் போயிற்று. செம்பூர் தாண்டியதும் எனக்குக் கண் திறந்தபடியே ஆட்டம் தொடங்கிவிட்டது. நீங்கள் முன் வரிசையில் வெள்ளைச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். மன்சூர் பாடிப் போகிறான். நீங்கள் பக்கத்தில் இருப்பவரிடம், "இவுங்க எம் மச்சினன் ஆளுங்க" என்று சொல்கிறீர்கள். அதை நீங்கள் சொல்கிற விதம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போய், திரும்பத் திரும்ப உங்களைச் சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். சீத்தா கேம்புக்கு மான்குர்டில் இறங்க வேண்டும். நான் எழுந்திருக்கவில்லை, ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற கோச்சே எழுந்திருக்கவில்லை என்று ஏழு பேரும் எழுந்திருக்கவில்லை. வண்டி கடல் கழிமேல் பாலத்தில் ஓடத் தொடங்கியபோது தண்ணீர் வெயிலில் தகதகவென்று இருந்தது. கபடிக்கு இவ்வளவு பெரிய மேட் விரித்திருக்கிறார்களே என்று நான் நினைத்துக்கொண்டேன். "அண்ணாச்சி, யே தோ வாஷி ஆ கயா" என்று, பாலம் தாண்டி வாஷியே வந்துவிட்டதைச் சொல்லி இஜாஸ் உலுக்கிய பிறகுதான் விழித்தேன். திரும்பி வந்து ஆட்டோ பிடித்து நாங்கள் சீத்தா கேம்ப் சேர்ந்தபோது உங்கள் சபையின் பேரைக் கூப்பிட்டுவிட்டார்கள். யாரையும் எதையும் கேட்க நேரம் இல்லை. எங்களை நேரே மேடைக்குப் பின்பக்கம் ஓட்டிவிட்டார்கள்.

அங்கே ஒரே நிறத்தில் புடவை கட்டிய பெண்கள் வேர்த்து வழிந்து, தண்ணீர் குடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்தபடி இறங்கி வந்தார்கள். பெண்கள் ஆட்டம் முடிந்திருக்கிறது, புடவையிலே ஆடியிருக்கிறார்கள், என்ன வீரம் என்று நான் வணங்கினேன். மேலே பெரிய துணியில் ஏதோ எழுதியிருந்தது. பூச்சரம் தொங்கியதில் எனக்குப் போட்டி என்ற வார்த்தை மட்டும் தெரிந்தது. தமிழ் படிப்பதில் நகுல் கொஞ்சம் மெதுவு. "கீ... ர்... த்..." என்று தொடங்கி, "மாமா, இது வேற என்னமோ ஃபங்க்ஷன் மாதிரின்னா இருக்கு" என்றான். நான் அவனை, "ஒனக்கு எப்பவும் சந்தேகம்தாம்லே" என்று அடக்கிவிட்டேன். ஏனென்றால் மேடையில் சிவப்பு ஜமுக்காளம் விரித்திருந்தார்கள், அத்தான். இரண்டு ஜமுக்காளத்தை நடுவில் சேர்த்துத் தைத்து, அந்தத் தையல் ஒரு நேர்க்கோடாக மேடையின் குறுக்கே ஓடியது. எங்களுக்கு நடுக்கோடு கிடைத்துவிட்டது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற மைக் கம்பிகளை, யார் மண்டையிலாவது படப்போகிறது என்று இஜாஸ் ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்தான்.

அந்தப் பக்கத்தில் நீங்கள் சபையைப் பார்த்தபடி மைக் பிடித்து நின்றீர்கள். வெள்ளைச் சட்டைதான். "அம்பர்நாத் சபை சார்பாக இப்பொழுது ஏழு வாலிபர்கள் பாடுவார்கள்" என்றீர்கள். திரை திறந்தது. என் ஏழு பேரும் கைகோத்து வளைந்து நின்றார்கள். பாடகர் குழுவும் அப்படித்தானே நிற்கும்? முன் வரிசையில் ஒரு அம்மாள், பிள்ளைகளின் ஒற்றுமையைப் பார்த்துக் கைதட்டக்கூடச் செய்தார். அப்போது நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். முதலில் பனியனையும் பிறகு முழங்கால்களையும் பார்த்தீர்கள். "ஏலே" என்றீர்கள். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. "ஏலே ஏலே ஏலே ஏலே ஏலே" என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கோட்டைத் தாண்டி வந்தீர்கள்.

அத்தான், நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதர் மூச்சு விடாமல், ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு, கையை விரித்தபடி, கோட்டைத் தாண்டித் தங்கள் பக்கம் வந்தால் என் ஆட்கள் வேறு என்னதான் செய்வார்கள்? "மாமா, இவரைப் பார்த்தா ரைடர் வயசு மாதிரி தெரியலையே" என்று நகுல் மட்டும் தயங்கினான். மற்ற ஆறு பேரும் தயங்கவில்லை. இஜாஸ் கணுக்காலைப் பிடித்தான். மன்சூர் இடுப்பைக் கட்டினான். மிச்ச நாலு பேரும் மேலே விழுந்தார்கள். அதற்குப் பிறகு நீங்கள் செய்ததை நான் மறக்கவே மாட்டேன். உங்களுக்கு அறுபத்தேழு வயது. ஆறு பேரையும் முதுகில் சுமந்துகொண்டு, பல்லைக் கடித்து, இன்னும் "ஏலே ஏலே" என்று சொல்லிக்கொண்டே, வந்த வழியே கோட்டை நோக்கி இழுத்துக்கொண்டு போனீர்கள். மைக்குக்குப் போய் சபையாரிடம் மன்னிப்புக் கேட்கத்தான் அப்படிப் போனீர்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. நான் மேடையோரத்தில் முழங்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் விழுந்தீர்கள். பழக்கதோஷத்தில் நான் விசிலை ஊதி, கையை உயர்த்தி, "அவுட்" என்று சொல்லிவிட்டேன்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய கோகிலவாணி டீச்சர் சமயோசிதமாக மைக்கைப் பிடித்து, "யாக்கோபு தேவதூதனோடு போராடின காட்சியை வாலிபர்கள் உருக்கமாக நடித்துக் காட்டினார்கள்" என்று சொல்லிவிட்டார். சபை முழுதும் கைதட்டியது. யாக்கோபுக்கும் தொடையில் சுளுக்கியது வேதத்திலேயே இருக்கிறது, உங்களுக்கும் சுளுக்கியது, ஆகவே யாரும் சந்தேகப்படவில்லை. "யாக்கோப் மத்லப், ஹமாரே யாகூப் நபி?" என்று, யாக்கோபு என்பது தங்கள் யாகூப் நபிதானா என்று மன்சூர் என் காதில் கேட்டான். ஆமாம் என்றேன். அவன் பயந்துபோய் உங்கள் சட்டையில் ஒட்டியிருந்த தூசியை எல்லாம் தட்டிவிட்டான். நீங்கள் யாரையும் பார்க்காமல், ஒருக்களித்து நடந்து போனீர்கள். கபடியில் தோற்ற எத்தனையோ பேர் நடந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

உங்கள் கேள்விக்கு இன்னும் முழுப் பதில் சொல்லவில்லை. மூச்சும் வெளிச்சமும் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்த விளையாட்டில் அவுட் ஆனவன் ஓரத்தில் போய் உட்கார்ந்திருப்பான். கிரிக்கெட்டில் அவுட் என்றால் அன்றைக்கு அவன் கதை முடிந்தது. இதில் அப்படி இல்லை. உள்ளே இருக்கிற தன் ஆள் ஒருவன் போய் யாரையாவது தொட்டு வந்தால், ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறவன் எழுந்து மறுபடி உள்ளே வரலாம். அவனாக ஒன்றும் செய்ய முடியாது. தன் ஆள் போய்வருவதைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். செத்தவன் பிழைக்கிற விளையாட்டு வேறு எதுவும் எனக்குத் தெரியாது, அத்தான். அதனால்தான் இது எனக்குப் பிடிக்கும். நான் இப்போது ஓரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணம் நெருங்குகிறது. ரீனாவுக்குக் கொடுக்கவேண்டிய புடவையை ஜோஸ்பின் பீரோவில் வைத்து, தினமும் எடுத்துப் பார்த்துவிட்டு மடிக்கிறாள். பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே என் தப்புகள் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். உங்களைப் பிடித்தது தப்பு. கீழே தள்ளியது தப்பு. பனியன் தப்பு, முழங்கால் உறை தப்பு, மைக்கை நகர்த்தியது தப்பு. பாட்டு என்றால் பாட்டு என்று மட்டும்தான் அர்த்தம் என்று எழுதித் தரவேண்டும் என்றாலும் தருகிறேன். விசிலை இனி வாயில் வைக்கமாட்டேன். வேண்டுமானால் உங்களோடு உட்கார்ந்து ஐந்து நாள் டெஸ்ட் மேட்ச் முழுதும் பார்க்கிறேன், தூங்காமல் பார்க்கிறேன். பத்திரிகையில் பேர் போடவில்லை என்றாலும் பரவாயில்லை, பந்தலில் ஒரு ஓரத்தில் நிற்க இடம் கொடுத்தால் போதும்.

அக்காவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். ரீனாவுக்கு மாமாவின் ஆசீர்வாதம். மாப்பிள்ளை சாஜனுக்கும் அவர் வீட்டாருக்கும் எங்கள் தோத்திரங்கள். ஏழு பேரும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டதாக எழுதச் சொன்னார்கள். உங்கள் இடுப்புக்காக ஆஸியாவும் அவளுக்குத் தெரிந்த முறையில் வேண்டிக்கொள்கிறாள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உங்கள் கால்களைத் தொட்டு (தொட்டது மட்டும்தான், பிடிக்கவில்லை),
மச்சினன்
ஞானசேகரன்

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகிற சமயத்தில் அக்கா போன் செய்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஏலே, நீ என்னத்துக்கு மன்னிப்பு கேட்டு எழுதிட்டு கெடக்க? அவியளுக்குக் கோவம் அந்தப் பயலுவ பிடிச்சதுக்கு இல்லல. வீட்டுக்கு வாற ஆளு பூராத்துக்கும் அந்த வீடியோவப் போட்டுக் காட்டிட்டுல்லா இருக்காவ. 'ஆறு பேரு, நான் ஒத்த ஆளு, இழுத்துட்டே வந்தேன் பாரு, கையி கோட்டுல பட்டுட்டு, எம் மச்சினன் கண்ணு தெரியாம அவுட்டுன்னுட்டான்'னு சொல்லுதாவ. கோவம் பூரா ஒன் விசிலு மேலதான். அவுட் இல்லன்னு ஒத்த வார்த்த சொல்லிரு தம்பி, பத்திரிகைய நானே கொண்டாந்து தாரேன்."

அத்தான், பிடிபட்டவன் கை கோட்டைத் தொட்டுவிட்டால் அவன் ஜெயித்தான், பிடித்த ஆறு பேரும் அவுட் என்ற சட்டம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது? எனக்குச் சொல்லாமல் யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள்? எனக்குச் சந்தோஷம் பொங்குகிறது. இந்தச் சந்தோஷத்தில் நான் என்ன வேண்டுமானாலும் சொல்லிவிடுவேன். ஆனால் இதைச் சொல்ல முடியாது. நான் உங்கள் கைக்குப் பக்கத்தில் இருந்தேன். கோட்டுக்கும் உங்கள் விரலுக்கும் நடுவில் ஒரு கட்டைவிரல் அகலம் ஜமுக்காளம் தெரிந்தது. நீங்கள் அவுட்தான். மேலே கேட்ட மன்னிப்பு எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், பத்திரிகையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் ஆட்களோடு அம்பர்நாத் வருகிறேன், ஆட்டத்துக்கு வருகிறவனுக்குப் பத்திரிகை எதற்கு? கோட்டை நீங்களே போடுங்கள், விசிலை அக்கா வைத்துக்கொள்ளட்டும், நீங்கள் பாடி வாருங்கள். நான் பிடிக்கிற பக்கம் நிற்கிறேன். உங்களை விடமாட்டேன், அத்தான்.